வாடாமல்லி, கோழிக்கொண்டை: வறண்ட நிலத்தில் வளர்த்து, வெட்டி, உலர்த்தி விற்பது எப்படி?

உலர் மலர்ச் சாகுபடிக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் விதை தேடிப் போகிறார்கள். முதலில் தேட வேண்டியது உலர்த்த ஓர் அறை. பூவை வளர்ப்பது இதில் எளிதான பாதி. வெட்டும் நாளும், வெட்டியபின் முதல் நான்கு நாட்களும்தான் காசைத் தீர்மானிக்கின்றன. அறையில் இடமில்லாமல் பூவைச் செடியிலேயே விட்டு வைத்தவர்களும், ஈரம் காயாத பூக்கட்டுகளை மூட்டையில் அடைத்தவர்களும் மொத்த வெள்ளாமையையும் இழக்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் அறைக்குப் பிறகே விதை வரும்.

கணக்கெல்லாம் 10 சென்ட் நிலத்துக்கு. முதல் ஆண்டில் அதைத் தாண்ட வேண்டாம்.

1. எந்தப் பூ?

சமவெளியில் தண்ணீர் குறைவான இடத்துக்கு இரண்டே பூக்கள் போதும்: வாடாமல்லியும் கோழிக்கொண்டையும். இரண்டும் கீரைக் குடும்பம். வெயிலையும் வறட்சியையும் தாங்கும். வேர் பிடித்தபின் அடிக்கடி தண்ணீர் கேட்காது. வாடாமல்லியில் நாம் பூ என்று பார்க்கும் நிறப்பகுதி உண்மையில் காகிதம்போன்ற பூவடிச்செதில்கள். நிஜப் பூ அந்தச் செதில்களுக்கு நடுவே நட்சத்திரம்போல எட்டிப் பார்க்கும் சின்னஞ்சிறு துளி. செதிலில் ஈரம் இயல்பிலேயே குறைவு என்பதால்தான் காய்ந்தபின்னும் வடிவமும் நிறமும் நிற்கின்றன.

வாடாமல்லியில் ஊதா நன்றாக நிற்கும், விதையும் எளிதில் கிடைக்கும். வெள்ளையும் இளஞ்சிவப்பும் அலங்காரத்துக்குக் கேட்கப்படுபவை. ஆனால் வெள்ளையில் ஒரு மழைத்துளி பட்டாலும் பழுப்புக் கறை தெரியும். முதல் ஆண்டு ஊதாவில் முக்கால் பங்கு, மற்றதில் கால் பங்கு வையுங்கள்.

கோழிக்கொண்டையில் கொண்டை வகை, இறகு வகை என்று இரண்டு உண்டு. கொண்டை வகை பார்க்கக் கம்பீரமாக இருந்தாலும் சதைப்பற்று அதிகம். காய அதிக நாள் எடுக்கும், உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். இறகு வகை சீக்கிரம் காயும். புதியவர்களுக்கு இறகு வகைதான் என் பரிந்துரை.

காகிதப்பூ என்று விற்கப்படும் ஸ்ட்ராஃப்ளவரும், ஸ்டாட்டிஸும் குளிர்ந்த இடத்துக்கானவை. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் நிலம் இருந்தால் யோசிக்கலாம். விருதுநகர் வெயிலில் ஸ்டாட்டிஸ் போட்டால் இலைதான் மிஞ்சும். பூக்காம்பு எழும்ப அதற்குக் குளிர் வேண்டும்.

2. விதைக்கு முன் வாங்குபவர்

உலர் மலர் ஏற்றுமதியில் தூத்துக்குடிக்கு நீண்ட நாள் பெயர் உண்டு. துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் ஏற்றுமதி நிறுவனங்கள் அங்கே கூடியிருக்கின்றன. விதைப்பதற்கு இரண்டு மாதம் முன்பாவது இரண்டு மூன்று வாங்குபவர்களிடம் பேசிவிடுங்கள். கேட்க வேண்டியவை:

காம்போடு வேண்டுமா, தலை மட்டும் போதுமா? வாசனைக் கலவைக்கு வாங்குகிறவர்கள் தலையை மட்டும் கிலோ கணக்கில் எடுப்பார்கள். பூங்கொத்துக்கு வாங்குகிறவர்கள் காம்பு நீளத்தைப் பார்ப்பார்கள். இந்த ஒரு பதில் நடவு இடைவெளி முதல் கட்டும் முறை வரை எல்லாவற்றையும் மாற்றும்.

காம்பு என்றால் குறைந்தபட்ச நீளம் எவ்வளவு, ஒரு கட்டுக்கு எத்தனை காம்பு? இயற்கை நிறமா, அவர்கள் சாயம் ஏற்றுவார்களா? சாயம் ஏற்றுகிறவர்களுக்கு நிறம் மங்கிய பூவும் ஓரளவு ஓடும். பூச்சிமருந்து எச்சத்துக்குச் சோதனை உண்டா? பணம் எத்தனை நாளில்? சரக்கைத் திருப்பினால் வண்டிக்கூலி யார் தலையில்?

வாய்ப்பேச்சு போதாது. நீளம், நிறம், எடை, விலை, பணம் தரும் நாள் ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள், அல்லது வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பச் சொல்லுங்கள். ஏற்றுமதி ஆர்டர் இல்லாத ஆண்டிலும் இந்த இரண்டு பூவுக்கும் ஒரு மாற்று வழி இருக்கிறது. தோவாளை, மதுரை மாட்டுத்தாவணி, திண்டுக்கல் பூச்சந்தைகளில் மாலை கட்டுவதற்குப் பச்சையாகவே போகும். ஓணம் சமயத்தில் அத்தப்பூக்கோலத்துக்குத் தோவாளையிலிருந்து கேரளத்துக்கு வாடாமல்லி ஏறும். உலர்த்தும் அறை நிரம்பிய வாரத்தில் உபரியை இங்கே தள்ளிவிடலாம்.

3. காகித வேலை

நாற்று விடுவதற்கு மூன்று மாதம் முன்பு இதைத் தொடங்குங்கள். பெரும்பாலோர் சறுக்குவது சொட்டுநீர் மானியத்தில்.

பிரதமரின் நுண்ணீர்ப்பாசனத் திட்டத்தில் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. இது அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்குள்தான். அதற்கு மேல் செலவானால் உங்கள் கையிலிருந்து. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். எடுத்துப்போக வேண்டியவை: சிட்டா, நடப்புப் பசலி ஆண்டு அடங்கல், புல வரைபடம், சிறு குறு விவசாயி சான்று, ஆதார், வங்கிப் புத்தக நகல், புகைப்படம். கிணறு அல்லது ஆழ்துளைக் கிணறு இருப்பதற்கான ஆதாரமும் கேட்பார்கள்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. பசலி ஆண்டு ஜூலை 1-ல் மாறும்; ஜூனில் வாங்கிய அடங்கலை ஆகஸ்டில் நீட்டினால் திருப்பிவிடுவார்கள். பட்டா கூட்டாக இருந்தால் மற்ற பங்குதாரர்களின் சம்மதம் வேண்டும். வெளியூரில் இருக்கும் பங்காளியிடம் கையெழுத்து வாங்கத்தான் நாள் இழுக்கும். மூன்றாவதுதான் பணத்தைக் கடிப்பது: அனுமதி ஆணை வரும் முன் குழாய் வாங்கிப் பதித்துவிட்டால் அந்தச் செலவுக்கு மானியம் கிடையாது. ஆணை கையில் வரும் வரை ஓர் அடிக் குழாய்கூட வாங்காதீர்கள்.

மண் பரிசோதனையையும் இப்போதே கொடுங்கள். வயலில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் அரை அடி ஆழத்துக்கு வி வடிவக் குழி எடுத்து, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரைக் கிலோ நிழலில் உலர்த்தி வேளாண்மைத் துறை ஆய்வகத்தில் கொடுத்தால் போதும். கட்டணம் மிகச் சொற்பம். கார அமிலத்தன்மை 6-லிருந்து 7.5-க்குள் இருந்தால் நல்லது. பாசன நீரையும் ஒரு பாட்டிலில் கொடுங்கள். உப்பு நீரில் நாற்று கருகும்.

4. உலர்த்தும் அறை

அறைக்கு நான்கு குணம் வேண்டும்: இருட்டு, காற்றோட்டம், தரை ஈரம் ஏறாமை, எலி நுழையாமை. வெயில் பட்டால் நிறம் வெளுக்கும், ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரியும். இருட்டு என்று எல்லாச் சன்னலையும் அடைத்துவிட்டால் ஈரம் வெளியேறாமல் பூஞ்சணம் வரும். சன்னலைத் திறந்து வைத்து, வெளியே கறுப்பு நிழல்வலையை இரண்டு மடிப்பாகத் தொங்கவிடுங்கள்.

அளவை இப்படிக் கணக்கிடுங்கள். 10 சென்டில் பாத்தி, நடைபாதை போகச் சுமார் 2,800 செடிகள் நிற்கும். வாடாமல்லி உச்சத்தில் இருக்கும் வாரத்தில் செடிக்கு ஒரு காம்பு என்று வைத்தாலும் 2,800 காம்பு. கட்டுக்கு 12 காம்பு என்றால் ஏறத்தாழ 235 கட்டு. கம்பியில் 15 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டு தொங்கவிட்டால் 35 மீட்டர் கம்பி வேண்டும். ஒரு கட்டு காய இரண்டு வாரம் ஆகும். அதற்குள் அடுத்த வார வெட்டும் வந்துவிடும். எனவே குறைந்தது 70 மீட்டர். அறை 4 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்றால் குறுக்காக 45 சென்டிமீட்டருக்கு ஒரு கம்பி வீதம் 10 கம்பி, 40 மீட்டர்தான் வரும். ஆகவே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு கட்ட வேண்டும். அடுக்குகளுக்கு இடையில் 80 சென்டிமீட்டர் விடுங்கள். மேல்கட்டுப் பூ கீழ்க்கட்டுக் காம்பில் உரசக் கூடாது.

இந்தக் கணக்கைச் செய்யாமல் ஒரு ஏக்கர் நடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஏக்கருக்கு இதேபோலப் பத்து அறை வேண்டும் என்பது அவர்களுக்குத் தை மாதத்தில்தான் தெரியவரும்.

தகரக் கூரை என்றால் மதியத்தில் உள்ளே 45 டிகிரியைத் தாண்டும்; அப்போது நிறம் பழுப்பாகும். தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று வேயுங்கள், இரு முக்கோணச் சுவரிலும் மேலே காற்றுத் திறப்பு வையுங்கள். ஒரு பக்கச் சுவரில் காற்றை வெளியே தள்ளும் விசிறி பொருத்துங்கள். புதிதாக வெட்டிய ஈரக் கட்டு எப்போதும் விசிறிப் பக்கம், ஏறக்குறையக் காய்ந்த கட்டு காற்று நுழையும் பக்கம். இப்படி வைத்தால் ஈரக்காற்று காய்ந்த பூவின்மேல் படாமல் வெளியேறும். மாற்றி வைத்தால் காய்ந்தது மறுபடி பதம் பிடிக்கும்.

வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறு மின்னணுக் கருவி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நாட்களில் அறை தானாக வேலை செய்யும். 70-ஐத் தாண்டினால் சன்னலை மூடிவிட்டு, உள்ளே விசிறியை ஓட்டி, காற்றைச் சுற்றவிடுங்கள். கடற்கரைப் பக்கத்து ஊர்களில் கார்த்திகை, மார்கழியில் இரவு முழுக்க 80-க்கு மேல் இருக்கும். அங்கே பட்டத்தை ஒரு மாதம் தள்ளிப்போடுவதே மலிவான வழி.

5. பட்டம்

நோக்கம் ஒன்றுதான்: செடி மழையில் வளர வேண்டும், பூ பனியும் மழையும் ஓய்ந்த மாதத்தில் வெட்டுக்கு வர வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையை நம்பும் தென் மாவட்டங்களுக்குப் புரட்டாசித் தொடக்கத்தில் நாற்று விட்டு, ஐப்பசித் தொடக்கத்தில் நடுவது ஒத்துவரும். ஐப்பசி, கார்த்திகை மழை செடியைத் தூக்கிவிடும். மார்கழிப் பிற்பாதியில் முதல் பூ, தை முதல் பங்குனி வரை வெட்டு.

பாசனம் கையில் இருந்தால் தைப்பட்டமும் உண்டு. வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் பகல் குறுகிய காலத்தில் அவசரமாகப் பூத்துவிடும். காம்பு குட்டையாக நின்றுவிடும். கார்த்திகையில் விதைத்து ஒரு முழம்கூட உயராமல் பூத்த கோழிக்கொண்டையைக் காம்புச் சந்தையில் யாரும் எடுக்க மாட்டார்கள். தையில் விதைத்தால் பகல் நீண்டுகொண்டே போகும், காம்பும் நீளும். சித்திரை, வைகாசி வெயிலில் பூ சீக்கிரம் காயும். செலவு தண்ணீரில். தென்காசி போலச் சாரல் அடிக்கும் ஊர்களில் ஆனி பிறக்கும் முன் கடைசி வெட்டை முடித்துவிடுங்கள்.

6. நாற்று

98 குழி கொண்ட குழித்தட்டு 35, தட்டுக்கு 1.2 கிலோ வீதம் மக்கிய தென்னைநார்க் கழிவு 42 கிலோ. அத்துடன் 5 கிலோ வேப்பம்புண்ணாக்குத் தூளையும், நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மாவையும் கலந்துகொள்ளுங்கள். தென்னைநார்க் கழிவு உப்பு நீக்கப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். நீக்காததில் நாற்று முளைத்து, இலை நுனி காய்ந்து நின்றுவிடும்.

வாடாமல்லி விதையில் பஞ்சு ஒட்டியிருக்கும். அது தண்ணீரை உள்ளே விடத் தயங்கும். ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து விதையுங்கள். முளைப்பு 60 சதவீதம்தான் என்று எடுத்துக்கொண்டு குழிக்கு இரண்டு விதை போடுங்கள். 10 சென்டுக்கு 20 கிராம் விதை வேண்டும். கோழிக்கொண்டை விதை கறுப்பு மணல்போல மிகப் பொடி. 5 கிராம் போதும். இரண்டையும் மெலிதாக, 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் மூடுங்கள். தட்டுகளை அடுக்கி மூன்று நாள் பாலித்தீன் தாளால் மூடிவைத்து, முதல் முளை தெரிந்த அன்றே பிரித்துப் பரப்பிவிடுங்கள். ஒரு நாள் தவறினாலும் தண்டு வெளிறி நீண்டுவிடும். வாடாமல்லி ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளைத்து முடியும்.

நாற்றழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் மாலைத் தண்ணீர். காலையில் மட்டும் பூவாளியால் தெளியுங்கள்.

கோழிக்கொண்டை நாற்றைத் தட்டில் 25 நாளுக்கு மேல் வைக்காதீர்கள். வேர் குழியைச் சுற்றிக்கொண்டால் செடி வளராமல் தட்டிலேயே கட்டைவிரல் அளவுக் கொண்டை விட்டுவிடும். நட்டபின்னும் அது தேறாது. நாற்றுப் பண்ணையில் வாங்கினால் பூ தெரியும் நாற்றை அழகாக இருக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். வாடாமல்லி 30 நாள் வரை தாங்கும்.

7. நிலமும் நடவும்

செம்மண், செவல், மணல் கலந்த வண்டல் எல்லாம் ஏற்றவை. கரிசலில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். கரிசல்தான் இருக்கிறது என்றால் பாத்தியை ஓரடி உயரத்துக்குப் போட்டு, தைப்பட்டத்தில் மட்டும் நடுங்கள். வறட்சியைத் தாங்கும் செடி தேங்கிய தண்ணீரைத் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. இரண்டு நாள் நீர் நின்றாலே அடித்தண்டு கறுக்கும்.

10 சென்டுக்கு ஒரு டன் மக்கிய தொழுவுரம் போட்டு உழுங்கள். பாத்தி 1 மீட்டர் அகலம், அரை அடி உயரம், நடைபாதை 45 சென்டிமீட்டர். மொத்தப் பாத்தி நீளம் சுமார் 280 மீட்டர் வரும். பாத்திக்கு இரண்டு குழாய் என்றால் சொட்டுநீர்ப் பக்கக்குழாய் 560 மீட்டர். பாத்திக்கு மூன்று வரிசை, செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் வைத்து நடுங்கள். தலை மட்டும் விற்பதானால் 40 சென்டிமீட்டர் விடலாம். செடி படர்ந்து அதிகம் பூக்கும். கொண்டை வகைக் கோழிக்கொண்டைக்கு மாறாக 20 சென்டிமீட்டர் நெருக்கம். நெருக்கத்தில் கொண்டை சிறிதாகவும் காம்பு நேராகவும் வரும், காயவும் எளிது. இந்த நெருக்கத்துக்கு நாற்றும் அதற்கேற்பக் கூடுதலாக வேண்டும்.

நட்ட இருபதாம் நாள் களையெடுக்கும்போது கோழிக்கொண்டைப் பாத்தியில் பக்கத்திலேயே நில்லுங்கள். மானாவாரி நிலங்களில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரை அதே இனம். இளம் செடியில் கூலியாட்களுக்கு வித்தியாசம் தெரியாது. வரிசையில் நிற்பதுதான் நாற்று, வரிசைக்கு வெளியே நிற்பதெல்லாம் களை என்று சொல்லிவிடுங்கள்.

8. தண்ணீர், உரம், நுனி கிள்ளல்

நட்ட முதல் மூன்று வாரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர். வறட்சி தாங்கும் என்பது வேர் இறங்கியபின் வரும் குணம்; நட்ட வாரத்தில் காயவிட்டால் பாதி போய்விடும். அதன்பின் காய்ச்சலும் பாய்ச்சலுமாக 7-லிருந்து 10 நாளுக்கு ஒருமுறை போதும். காலையில் இலை தொங்கியிருந்தால் தண்ணீர் விடுங்கள். மதியம் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் விட வேண்டாம். தெளிப்பான் கூடாது. பூவுக்குள் நின்ற நீர் உலரும்போது கறையாகத்தான் முடியும்.

யூரியாவை மறந்துவிடுங்கள். தழைச்சத்து மிகுந்தால் காம்பு தண்ணீர் குடித்துப் பருத்து நிற்கும். பார்க்கச் செழிப்பு, தொங்கவிட்டால் சுருங்கி, கட்டு நழுவி, கழுத்து ஒடியும். தொழுவுரத்தோடு மண் பரிசோதனைச் சீட்டில் சொன்ன மணிச்சத்தும் சாம்பல்சத்தும் அடியுரமாகப் போதும். மெலிந்த செடி உலர் மலருக்கு நல்ல செடி.

வாடாமல்லி 15 சென்டிமீட்டர் வளர்ந்து நான்கு ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். பூ பத்து நாள் தள்ளிப்போகும். ஆனால் ஒரு காம்புக்குப் பதில் ஆறு எட்டுக் காம்பு ஒரே உயரத்தில் வரும். இறகு வகைக் கோழிக்கொண்டையையும் கிள்ளலாம். கொண்டை வகையைக் கிள்ளாதீர்கள். பக்கக் கிளைகளில் வரும் கொண்டை தேறாது.

பாத்தியின் நான்கு மூலையிலும் குச்சி நட்டு, முழங்கால் உயரத்தில் சணல் கயிற்றைக் கட்டம் கட்டமாக இழுத்துக் கட்டுங்கள். ஒரு காற்றில் சாய்ந்த செடி நுனியை மறுபடி மேலே திருப்பும். அந்த வளைந்த காம்பு தரம் பிரிக்கும்போது கழிவுக்குப் போகும்.

9. பூச்சியும் நோயும்

வறண்ட வெயிலில் இலையடியில் சிவப்புச் சிலந்தி வரும். இலை தூசி படிந்ததுபோல் வெளிறினால் திருப்பிப் பாருங்கள். மாவுப்பூச்சி கணுக்களில் அடையும். இரண்டுக்கும் தொடக்கத்திலேயே வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்புக் கரைசலுடன் மாலையில் இலையடி நனையத் தெளிக்கலாம். மொட்டு நிறம் காட்டியபின் எண்ணெய் எதுவும் வேண்டாம், செதிலில் திட்டாகப் படியும்.

கோழிக்கொண்டை வேரில் முடிச்சு போடும் நூற்புழு தாக்கும். முந்தைய பயிர் தக்காளி, கத்தரி, வெண்டை என்றால் அந்தப் பாத்தியில் நடாதீர்கள். சோளமோ கம்போ அறுத்த நிலம் பாதுகாப்பு.

10. வெட்டும் பக்குவம்

பூ உலரும்போது வெட்டிய நாளில் எப்படி இருந்ததோ அதைவிட மேம்படாது. அதனால் நாள் தவறக் கூடாது.

வாடாமல்லி: உருண்டை முழுதாக நிறம் ஏறி, இன்னும் உருண்டையாகவே இருக்க வேண்டும். நாள் ஆக ஆகத் தலை மேல்நோக்கி நீண்டு உருளையாகும். அடிச்செதில்கள் பழுப்பாகத் தொடங்கும். இரண்டு விரலால் லேசாக உருட்டிப் பாருங்கள். அடியில் ஒரு செதில் உதிர்ந்தாலும் அது முற்றிவிட்டது. அந்தத் தலை காய்ந்தபின் பெட்டிக்குள் பாதி உதிரும். இளசையும் சோதிக்க வழியுண்டு: பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து ஆட்டுங்கள். கழுத்து துவண்டால் இன்னும் மூன்று நாள் பொறுங்கள், விறைப்பாக நின்றால் வெட்டுங்கள்.

கோழிக்கொண்டை: கொண்டை விரிந்து முடிந்து, அடிப்பகுதியைத் தட்டினால் கறுப்பு விதை கொட்டாத நிலை. விதை கொட்டத் தொடங்கிவிட்டால் நிறம் இறங்க ஆரம்பித்திருக்கும். கொட்டிய விதை அடுத்த ஆண்டு பாத்தி முழுக்க முளைத்துக் களையாகவும் நிற்கும்.

மலைப்பகுதியில் ஸ்ட்ராஃப்ளவர் போட்டவர்களுக்கு மட்டும்: வெளியடுக்கு இரண்டு மூன்று விரிந்து நடு மூடியிருக்கும்போதே வெட்ட வேண்டும். உலரும்போது அது விரிந்துகொண்டே போகும். முழுதாக விரிந்ததை வெட்டினால் இதழ் பின்னால் மடங்கி நடுவில் பழுப்புப் பஞ்சு தெரியும். காம்பு தாங்காது என்பதால் வெட்டிய உடனே தலைக்கு அடியில் மெல்லிய கம்பியைச் செருகிவிடுங்கள். பூ சுருங்கும்போது கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

வெட்டுக்கு மூன்று நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். பனி காய்ந்தபின், ஒன்பது மணிவாக்கில் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடியுங்கள். மழை பெய்தால் அடுத்த இரண்டு வெயில் நாளுக்கு வெட்டு கிடையாது. உச்சப் பருவத்தில் வாரம் இருமுறை வயலில் இறங்க வேண்டியிருக்கும்; அதற்கான ஆளை மார்கழியிலேயே பேசிவையுங்கள். பொங்கல் வாரத்தில் ஆள் கிடைக்காது, பூ காத்திருக்காது.

11. உலர்த்துவது

வெட்டிய பூவை வெயிலில் குவிக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய் இலையை முழுக்க உருவிவிடுங்கள். விட்ட இலைதான் பூஞ்சணத்துக்கு முதல் வாசல். வாடாமல்லி 12 காம்பு, இறகுக் கோழிக்கொண்டை 6, கொண்டை வகை 3 அல்லது தனித்தனி. தலைகள் ஒரே மட்டத்தில் நெருங்காமல் ஏற்ற இறக்கமாகப் பிடித்து, காம்படியில் ரப்பர் பேண்ட் போடுங்கள். சணல் வேண்டாம், காம்பு காயும்போது மெலியும், சணல் தளர்ந்து கட்டு கீழே விழும், ரப்பர் கூடவே சுருங்கும். தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பயிர் வகையும் தேதியும் எழுதிய சீட்டை ஒவ்வொரு கம்பியிலும் மாட்டுங்கள்.

தலை மட்டும் என்றால் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நிழல்வலைத் தட்டு கட்டி, ஒரே அடுக்காகப் பரப்பி, தினம் ஒருமுறை புரட்டுங்கள். சிமென்ட் தரையில் வெயிலில் காயப்போடுவது வெகுவாக நடக்கிறது. காய்வது சீக்கிரம்தான், ஆனால் ஊதா வெளிறி, அடிப்பக்கம் தூசி ஒட்டி, விலை கீழ்த்தரத்துக்கு இறங்கும்.

வாடாமல்லிக்கு 10-லிருந்து 15 நாள். கோழிக்கொண்டைக்கு மூன்று நான்கு வாரம். நாளை நம்பாமல் பூவை நம்புங்கள்: காம்பை மடக்கினால் படக்கென்று ஒடிய வேண்டும். கொண்டையில் காம்பு காய்ந்தும் உள்மடிப்பு ஈரமாக இருக்கும். ஐந்தாறு தலைகளை மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் ஓர் இரவு போட்டுவையுங்கள். காலையில் உட்சுவரில் ஆவி படிந்திருந்தால் முழுக் கம்பியும் இன்னும் ஒரு வாரம் தொங்கட்டும்.

முதல் வெட்டில் ஒரு கிலோ பச்சைத் தலையைத் தனியாகக் காயவைத்து எடை போட்டு எழுதி வையுங்கள். உங்கள் மண்ணுக்கும் வகைக்கும் உள்ள விகிதம் அதில்தான் கிடைக்கும். பச்சையாகச் சந்தைக்கு அனுப்புவதா, காயவைப்பதா என்ற கேள்விக்கு அந்த எண்ணும் அன்றைய சந்தை விலையும் போதும்.

12. தரம் பிரித்தல், பெட்டி

காம்பு நீளம் 30, 40, 50 சென்டிமீட்டர் என்று மூன்றாகப் பிரியுங்கள். மேசையில் கோடு போட்டுக்கொண்டால் வேலை வேகமாகும். இதை விடியற்காலையில் செய்யுங்கள். பங்குனி மதியத்தில் பூ அப்பளம்போல் நொறுங்கும். காலைக் காற்றில் ஒரு துளி பதம் இருப்பதால் உதிர்வு குறையும்.

அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து, தலை ஒருபக்கம், காம்பு ஒருபக்கம் என்று மாற்றி அடுக்குங்கள். பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம். பெட்டியைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி, பலகைமேல் வையுங்கள். காய்ந்த பூவுக்கு எதிரி சிகரெட் வண்டு: ஊசிமுனைத் துளையும் அடியில் மாவுபோன்ற தூளும் தெரிந்தால் அது வந்துவிட்டது. 15 நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, வெள்ளைத் தாள்மேல் ஒரு கட்டைத் தட்டிப் பாருங்கள். தாக்கிய பெட்டியை உடனே வெளியே எடுங்கள். சிறிய அளவு என்றால் இறுக்கமான பையில் கட்டி உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். எலி கோழிக்கொண்டை விதைக்காகவே வரும், அதனால் கட்டும் முன் தலையை நன்றாக உதறுங்கள்.

13. நேரடியாக ஏற்றுமதி செய்வதானால்

முதல் இரண்டு ஆண்டு தூத்துக்குடி நிறுவனங்களுக்கே கொடுங்கள். அதன்பின் சொந்தமாக அனுப்ப நினைத்தால் வேண்டியவை: பான் அட்டை, நிறுவனப் பெயரில் நடப்புக் கணக்கு, வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். இந்த எண்ணுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். அடுத்து, வேளாண் பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் மத்திய அரசு ஆணையமான அபேடாவில் பதிவுச் சான்றிதழ். மலர்ப் பொருட்கள் அபேடாவின் பட்டியலில் வருகின்றன.

குறியீட்டு எண் வாங்கியவர்கள் மறப்பது ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையத்தில் விவரங்களைச் சரிபார்த்து உறுதிசெய்ய வேண்டும். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் உறுதிசெய்ய வேண்டும், அந்த மாதங்களில் கட்டணம் இல்லை. தவறினால் எண் முடக்கப்படும். சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

வாங்கும் நாடு கேட்டால் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தூத்துக்குடியிலேயே மத்திய அரசின் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது. ஆய்வின்போது ஓர் உயிருள்ள வண்டோ, காம்பில் ஒட்டிய மண்ணோ கண்டால் சான்றிதழ் கிடைக்காது. மரப்பலகையில் அடுக்கி அனுப்பினால் அந்தப் பலகை வெப்பச் சிகிச்சை முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். முத்திரை இல்லாத பலகைக்காக மொத்தச் சரக்கையும் திருப்பிவிடுவார்கள். கப்பல் தேதிக்குப் பத்து நாள் முன்பே ஆய்வுக்கு விண்ணப்பித்து, ஆய்வுக்கு முந்தின நாள் எல்லாப் பெட்டிகளிலும் வெள்ளைத் தாள் சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள்.